பாதி வேலை ரிவர்ஸில்

கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்கள், டிராக்டரில் முன்பக்க லோடர் மாட்ட வேண்டுமென்றால் தேடிப்போகும் பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. லேத்தும் வெல்டிங்குமாகத் தொடங்கிய பட்டறை. கலப்பைக் கொழு அடிப்பது, டிப்பர் டிரெய்லருக்குச் சட்டம் கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில், பால்பண்ணைகள் பெருகிய பிறகுதான் லோடர் வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "ஏனுங்கண்ணா, எந்தக் கம்பெனி வண்டி எடுத்தா லோடருக்கு நல்லாருக்கும்?" அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லிப் பார்த்தவர்கள் குறைவு. மேசையிலிருந்து டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, முதல்ல உங்க கட்டுத்தரையப் பாத்துட்டு வந்துரலாம்" என்பார்.

கறவையில் இருக்கும் கலப்பினப் பசு ஒன்று நாளைக்கு 20 முதல் 25 கிலோ சாணி போடும். பசுந்தீவனம் 25 முதல் 30 கிலோ தின்னும். ஐம்பது மாடு கட்டியிருந்தால் தினமும் ஒரு டன்னுக்கு மேல் வெளியே போக வேண்டும், ஒன்றரை டன் வரை உள்ளே வர வேண்டும். ஞாயிறு, தீபாவளி, மாரியம்மன் நோம்பி எதற்கும் விடுமுறை கிடையாது. சட்டியும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இதைச் செய்ய ஆள் கிடைத்தவரை லோடரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் பெருந்துறை சிப்காட்டும் ஆட்களை இழுத்துக்கொண்டபின், சாணி அள்ள வந்தவர் இரண்டு மாதம் நிலைத்தாலே பெரிய காரியம். ஒரு பக்கெட்டுக்கு 300 கிலோ என்றாலும் அந்த ஐம்பது மாட்டுச் சாணி நாலைந்து நடையில் எருக்குழிக்குப் போய்விடும். கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. பணத்தைப் புரட்டிக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள்.

டேப்பை வைத்து அவர் அளப்பது முதலில் கதவு. அடுத்து கொட்டகைக்குள் தாழ்வாக ஓடும் இரும்பு டிரஸின் உயரம். பிறகு இரண்டு வரிசை மாடுகளுக்கு நடுவே உள்ள தீவனப் பாதையின் அகலம். கடைசியாக, பாதை முடியும் இடத்தில் வண்டி திரும்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. டிராக்டரின் திரும்பும் வட்டம் என்று கம்பெனி அச்சடித்துத் தருவது வெறும் டிராக்டருக்கு. லோடர் மாட்டியதும் மூக்கு ஐந்தடி நீண்டுவிடும். முன்சக்கரம் திரும்பிவிடும், பக்கெட்டின் மூலை போய்த் தூணில் இடிக்கும்.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு பண்ணைக்காரர் 55 எச்.பி. வண்டியை எடுத்துவிட்டுத்தான் பட்டறைக்கு வந்தார். வண்டியில் குறையே இல்லை. ஆனால் கொட்டகை கட்டியது அவர் அப்பா, அதுவும் மாட்டு வண்டியை மனதில் வைத்து. செங்குத்தாக நிற்கும் சைலன்சர் முதல் டிரஸிலேயே முட்டியது. சைலன்சரை வளைத்துக் கீழே கொண்டுபோகலாமா என்று கேட்டார். கொண்டுபோகலாம், ஆனால் கீழே காய்ந்த தட்டு கிடக்கிறது, தீப்பிடிக்கும். வெயிலுக்கென்று மேலே தகரக் கூரை வேறு மாட்டியிருந்தார். அதைக் கழற்றச் சொன்னார் பட்டறைக்காரர். கடைசியில் லோடர் கொட்டகைக்கு வெளியே சைலேஜ் குழியோடு நின்றுகொண்டது, உள்ளே பழையபடி தள்ளுவண்டி ஓடியது. இதை அந்தப் பண்ணைக்காரரே சிரித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்வார் என்பதால் இங்கே எழுதலாம்.

கொட்டகைக்கு ஏற்ப இயந்திரம் என்பது இவர் கண்டுபிடித்த வழியல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயி கெல்லர் சகோதரர்களிடம் 1956 வாக்கில் வான்கோழி வளர்ப்பவர் ஒருவர் வந்தார். அவருடைய கொட்டகைக்கு மாடி உண்டு. உள்ளே வரிசையாகத் தூண்கள். மாடித் தளம் தாங்கும் அளவுக்கு எடை குறைவாகவும், தூண்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே சுழலக்கூடியதாகவும் எச்சம் வாரும் வண்டி ஒன்று வேண்டும் என்றார். 1957-இல் சகோதரர்கள் மூன்று சக்கரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அதன் வம்சம்தான் இன்று உலகெங்கும் ஓடும் பாப்கேட் ஸ்கிட் ஸ்டீயர் லோடர். கும்மிடிப்பூண்டியில்கூட அந்தக் கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கிறது. சாலை போடும் இடத்தில் அதைப் பார்க்கிற யாருக்கும் அது கோழிப் பண்ணையில் பிறந்தது என்று தோன்றாது. ஜேசிபியின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ஜோசப் பாம்ஃபோர்டு 1949-இல் இங்கிலாந்தில் விற்ற 'மேஜர் லோடர்', ஃபோர்டுசன் மேஜர் டிராக்டரில் மாட்டும் ஹைட்ராலிக் லோடர். பின்னால் தோண்டும் கை அதற்குப் பிறகு வந்தது.

அப்படியானால் பண்ணைக்கு ஸ்கிட் ஸ்டீயரே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. சாணி மட்டும்தான் வேலை என்றால் அதற்கு நிகரில்லை. ஆனால் நம் ஊர்ப் பண்ணையில் அதே வண்டிதான் சோளக்காட்டை உழ வேண்டும், ரொட்டவேட்டர் ஓட்ட வேண்டும், கோ-4 புல்லை டிரெய்லரில் இழுத்துவர வேண்டும், கரண்ட் இல்லாதபோது தட்டு வெட்டும் மெஷினை பி.டி.ஓ.வில் சுற்ற வேண்டும். இத்தனைக்கும் ஒரே வண்டி என்பதால்தான் லோடர் டிராக்டர்.

எச்.பி. பற்றிப் பேச வருபவருக்கு அவர் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. 45 முதல் 50 எச்.பி. உள்ள இரு சக்கர இயக்க டிராக்டர் சுமார் இரண்டு டன் எடை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர். பக்கெட்டின் நடுப்பகுதி முன் அச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 500 கிலோ அள்ளினால் முன் அச்சில் எவ்வளவு ஏறும்? எல்லோரும் 500 என்பார்கள். ஏறுவது 850 கிலோ. கூடுதலாக ஏறிய 350 கிலோ பின் அச்சிலிருந்து உருவியது. கிணற்று ஏற்றம் போலத்தான், ஒரு முனை அழுந்த மறுமுனை எழும்பும். லோடரின் சொந்த எடையே நானூறு, ஐந்நூறு கிலோ இருக்கும், அதுவும் முன்னால்தான் உட்காருகிறது.

இரு சக்கர இயக்க வண்டியில் இழுக்கும் சக்கரம் பின்னால் இருப்பது, பிரேக் பிடிக்கும் சக்கரமும் அதுதான். சாணியும் மூத்திரமும் கலந்த வழுக்குத் தரையில், எடை குறைந்த பின்சக்கரம் சும்மா சுற்றும். சைலேஜ் குழியின் சரிவில் பக்கெட் நிறைய இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. முன்பக்கமோ வேறு விதமாகப் பழிவாங்கும். ஹப் பேரிங், கிங்பின் புஷ், டயர் என்று மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கும் பண்ணைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் லோடர் மாட்டச் சொன்னால் அவர் கைவிரித்துவிடுவார். டிரைவரின் தோள்பட்டையை யார் மாற்றித் தருவது என்பார்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறார்களே என்று பலரும் தயங்குவார்கள். உழவுக்கு மட்டும் என்றால் அவர்கள் தயங்குவது நியாயம். லோடருக்கு, இந்தக் கட்டுரையாளன் கேட்டவரை, பட்டறைக்காரரின் தீர்ப்பு மாறியதே இல்லை: பணத்தை வேறு எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. முன் அச்சும் வலுவாக வருகிறது, அழுத்தம் எங்கே விழுகிறதோ அந்தச் சக்கரமும் இழுக்கிறது, சரிவில் இயக்கத்தைப் போட்டுவிட்டால் பிடிமானம் நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்துபோகிறது.

நான்கு சக்கரம் வாங்கினாலும் பின்னால் எதிர் எடை வேண்டும். பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புவது நம் ஊரில் பழகிய முறை. அது பின்சக்கரத்தைத் தரையில் அழுத்தும், ஆனால் முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. பாரத்தைக் குறைக்க, எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும். அவர் செய்து தருவது இருநூறு லிட்டர் டீசல் டிரம்மில் கம்பி கட்டி நிரப்பிய கான்கிரீட், இரண்டு கீழ் இணைப்புக் கைகளில் மாட்ட ஒரு குறுக்குத் தண்டோடு. எடை 480 கிலோ வரும். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் தள்ளி அது தொங்கினால் முன் அச்சில் 240 கிலோ இறங்கும், பின் அச்சில் 720 கிலோ ஏறும். கம்பெனி எடை வாங்குவதைவிட மலிவு. பம்பருக்கு முன்னால் வரிசையாக மாட்டியிருக்கும் வார்ப்பிரும்பு எடைகளை லோடர் மாட்டும்போது கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதை விட்டுவைப்பவர்கள் நிறைய.

உழவில் ஒரு கியரைப் போட்டால் வரப்பு வரும்வரை போய்க்கொண்டிருக்கலாம். லோடரில் ஒரு பக்கெட் அள்ளிக் கொட்டி, அடுத்த பக்கெட்டுக்குக் குவியலுக்குத் திரும்புவதற்குள் நாலு தடவை திசை மாற வேண்டும். முன்னே போய்க் குத்து, பின்னே வா, முன்னே போய்க் கொட்டு, பின்னே வா. கொட்டகைக்குள் திரும்ப இடமில்லையென்றால் முழு நடையும் ரிவர்ஸில்தான். பண்ணை வேலையில் வண்டி ஓடும் தூரத்தில் பாதி பின்னோக்கித்தான். அப்படியிருக்க, வாங்கும்போது ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நம் பக்கம் அதிகம் ஓடும் மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744, மாஸே பெர்குசன் 241 போன்றவை பெரும்பாலும் முன்னே எட்டு, பின்னே இரண்டு கியர் என்ற அமைப்பில் வந்தவை. உழவுக்கும் டிரெய்லருக்கும் சோடைபோகாத வண்டிகள். ஆனால் அந்த இரண்டு ரிவர்ஸில் ஒன்று ஆமை, மற்றது கொட்டகைக்குள் ஓட்டப் பயப்படும் வேகம். குபோட்டா எம்யூ 4501-இல் முன்னே எட்டு, பின்னே நாலு. இதையும் தாண்டி, முன்னே எத்தனையோ பின்னேயும் அத்தனை என்று 12-க்கு 12 கொடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கைப்பிடியால் திசை மாற்றும் ஷட்டில் வைத்த வண்டிகள் இப்போது கிடைக்கின்றன. அந்தக் கைப்பிடிக்காகக் கொடுக்கும் பணம் கிளட்ச் பிளேட்டில் திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சாதாரண உலர் கிளட்சை டிரைவர் பாதி மிதித்தபடியே பக்கெட்டை நகர்த்துவார், தேய்மானம் அங்கேதான். கியர் நெம்புகோல் கால்களுக்கு நடுவே நிற்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்வார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவான் என்று யோசித்துப் பாருங்க என்பார்.

ஹைட்ராலிக்கில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் 1,800 கிலோ தூக்கும், 2,000 கிலோ தூக்கும் என்று போட்டிருப்பது பின்னால் உள்ள மூன்று முனை இணைப்புக்கு. முன்னால் மாட்டும் லோடருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. லோடருக்குத் தெரிய வேண்டியது பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது. 60 மில்லிமீட்டர் விட்டமும் 500 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள இரண்டு சிலிண்டரை நிரப்ப 2.8 லிட்டர் எண்ணெய் வேண்டும். 20 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் கை மேலே போக எட்டரை நொடி. இன்ஜின் பாதி வேகத்தில் ஓடினால் பதினேழு நொடி. டிரைவருக்குப் பொறுமை போய் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிப்பார், டீசல் போகும், கொட்டகைக்குள் புகை நிற்கும், மாடு மிரளும்.

லோடருக்கான எண்ணெயை வண்டியின் கியர்பாக்ஸிலிருந்தே எடுப்பதா, தனித் தொட்டியும் தனிப் பம்பும் வைப்பதா என்பதில் அவருக்கு உறுதியான கருத்து உண்டு. பல டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். லோடரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் ஹோஸ் முனையில் ஒட்டும் சாணித் தூளும் மண்ணும் அந்த எண்ணெயோடு கியருக்குள் போகும். தனித் தொட்டிக்குச் செலவு கூடும், ஆனால் கெட்டால் லோடர் மட்டும் கெடும்.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். லோடரின் கால்கள் வண்டியில் எங்கே பிடித்திருக்கின்றன? விலை குறைவாகச் செய்து தரும் சில இடங்களில் முன்பக்க வார்ப்பிலும் கிளட்ச் ஹவுசிங்கிலும் நாலு போல்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்திய டிராக்டரில் தனிச் சேசிஸ் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் இவைதான் முதுகெலும்பு. பக்கெட் ஒவ்வொரு முறை குவியலில் குத்தும்போதும் அந்த அடி வார்ப்பிரும்பில் இறங்கும். ஹவுசிங்கில் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்தபடி பட்டறைக்கு வந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். சட்டம் முன்னிருந்து பின் அச்சு வரை நீள வேண்டும் என்பது அவர் விடாத விதி. வெளியே செய்த லோடரை மாட்டினால் டிராக்டரின் வாரண்டி நிற்குமா என்று டீலரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வதும் வழக்கம். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம் என்பார்.

இனி எச்.பி. ஐம்பது மாட்டுப் பண்ணைக்கு 45 முதல் 50 போதும். அதற்கு மேல் போவதில் இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அவற்றில் டீசலைத் தெளிக்கும் முறை எலக்ட்ரானிக் ஆகிவிட்டது, விலையும் ஏறியது, ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரிசெய்துவிட்டுப் போக முடியாது. மாடு கறக்கும் நேரத்தில் வண்டி நின்றால் லேப்டாப்போடு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய வண்டி தேவைப்படும் பண்ணையும் இருக்கிறது. ஆனால் மதிப்புக்காக வாங்குவதற்கு இது காலமல்ல.

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. வண்டியின் எடை முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது, பம்ப் எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இடத்தில் திரும்புகிறது என்று அளந்து அறிக்கை தருகிறார்கள். விற்பனையாளர் கையில் திணிக்கும் வண்ணத் தாளைவிட அந்த அறிக்கைதான் பட்டறையில் பேசப்படும்.

பக்கெட் விஷயத்தில் பட்டறைக்காரரைவிட மாட்டு டாக்டர்கள் கறார். சாணி அள்ளிய பக்கெட்டிலேயே தீவனம் அள்ளக் கூடாது. ஜோனீஸ் கழிச்சல் நோய் சாணி வழியாகத் தீவனத்தில் கலந்துதான் கன்றுகளுக்குப் போகிறது, சால்மோனெல்லாவும் அப்படியே. சேற்றுச் சக்கரத்தோடு சைலேஜ் மேல் ஏறினால் மண்ணோடு லிஸ்டீரியா கிருமியும் ஏறும். இரண்டு பக்கெட் வேண்டும், மாற்ற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆனால் எந்த டிரைவரும் மாற்ற மாட்டார், பைப்பைப் பிடித்துக் கழுவிவிட்டேன் என்று சொல்லிவிடுவார். சைலேஜை அள்ளும்போது குழியின் முகத்தைக் கீழிருந்து குடையாமல், மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். குடைந்தால் உள்ளே காற்றுப் புகுந்து சூடேறிக் கெடும். முகம் சரிந்து ஆள்மேல் விழவும் கூடும்.

தரையைப் பற்றி ஒரு வரி. மாடு வழுக்காமல் இருக்கத்தான் சிமெண்டுத் தளத்தில் கோடு கிழித்து வைக்கிறோம். இரும்பு விளிம்பு நாள்தோறும் உரசினால் அந்தக் கோடு மழுங்கிவிடும். பழைய லாரி டயரை நீளமாக அறுத்துச் சாணிப் பக்கெட்டின் விளிம்பில் போல்ட் போட்டு மாட்டித் தருவார்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் ஏறும். பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டுவது, அதில் ஆளை ஏற்றிக் கூரை ஓடு மாற்றுவது, தூக்கி நிறுத்திய கைக்குக் கீழே குனிந்து கிரீஸ் அடிப்பது, இந்த மூன்றையும் செய்யும் பண்ணையில் அவர் வேலை எடுப்பதில்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் கை இறங்க ஒரு நொடிகூட ஆகாது. டிராக்டர் கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் இரும்பு வளைவை ஸ்வீடன் 1959-லேயே புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் வெயிலுக்கு மாட்டும் தகரக் கூரையை அந்த வளைவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாழ்ந்த கொட்டகைக்கு மடக்கும் வளைவு கிடைக்கிறது. உள்ளே மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்தி, பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவரை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு நல்ல தள்ளுவண்டியும், தரையில் சரியான சரிவும், தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரும் போதும். எருக்குழியைக் காலி செய்ய வருடத்துக்கு இரண்டு முறை ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். முப்பது மாட்டைத் தாண்டாமல் லோடர் கடனைக் கட்டுவது பால் காசில் நடக்காது என்பது அவர் கண்டது. இதனால் பட்டறைக்குப் போகும் வேலையைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டீலரிடம் டெமோ வண்டியை உங்கள் கொட்டகைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் வட்டமடித்துக் காட்டினால் போதாது. சாணி வழித்துக் கழுவாத காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். லோடர் மாட்டிய வண்டியாக இருக்கட்டும், பக்கெட் நிறைந்திருக்கட்டும், ஓட்டுவது உங்கள் டிரைவராக இருக்கட்டும். பாதையின் கடைசி வரை போய், ரிவர்ஸிலேயே வாசலுக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். கொண்டுவர மறுக்கும் டீலரிடம் வாங்க வேண்டாம்.